ஒரு மக்கன்பேடாவும் இரண்டு சாத்தான்களும்

ஒன்பதாவது வயதில் நான் சாத்தானாக இருந்தேன். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது உபவாச நாட்களான லெந்து நாட்களுக்காக ஒரு நாடகம் போட்டார்கள். ஆண்டவர் நாற்பது நாள் வனாந்தரத்தில் உபவாசம் இருந்தபோது சாத்தான் வந்து அவரைச் சோதிக்கிற கதை. ஆண்டவர் வேடத்துக்கு, நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த ஒரு பையன் உடனே கிடைத்துவிட்டான். சாத்தானுக்குத்தான் ஆள் இல்லை. எந்த வீட்டிலும் பெற்றோர் சம்மதிக்கவில்லை. கடைசியில் டீச்சர் கண்ணில் நான் பட்டேன். எனக்குக் குரல் கணீரென்று இருக்கிறது என்று காரணம் சொன்னார். அதுதான் காரணம் என்று என் அம்மா கடைசிவரை நம்பவில்லை.

அப்பாவுக்கு மட்டும் ஒரே பெருமை. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். வெட்டியதுபோக மிஞ்சிய கறுப்புத் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, ஒட்டித் தைத்து, ஒன்றரை முழத்துக்கு எனக்கொரு வால் செய்துகொடுத்தார். நுனியில் அம்பு முனை வேறு. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று அதைத் தடவிப் பார்த்துச் சொன்னார். அம்மா அந்த வாலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றாள். அப்பா அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். வீட்டுக்குள்தான், ஆனால் அம்மாவின் கண்ணில் படாத இடம்.

அம்மாவும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். காலையில் இருவரும் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப ஆறரை மணி ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்ட பிறகும், சனிக்கிழமைகளில் நாள் முழுக்கவும் எனக்கு முன்வீடுதான் கதி. நாங்கள் பின்பக்கப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் வீட்டுக்காரக் குடும்பம். வீட்டில் உருது பேசுகிற முஸ்லிம்கள். அந்த வீட்டு அம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் சித்தி, பெரியம்மா எல்லாம் காலாதான். அவருடைய மகளுக்கு என் வயது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளும் தோஸ்த் என்றுதான் சொல்லிக்கொள்வோம். அவள் என் தோஸ்த்.

வால் வந்த அன்றே அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுடைய அப்பா தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். அந்த வீட்டில் யார் கையில் எந்தத் தோல் கிடைத்தாலும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். அவளும் அழுத்திப் பார்த்தாள்.

"தோலு நல்லாத்தான் கீது. ஆனா சைத்தானுக்கு வால் இருக்குன்னு யாருடி உனக்குச் சொன்னது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாத்தான் வேடம் போடப்போகிறவளிடம் வந்து சாத்தானைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளே! எங்கள் சாத்தானின் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். அவன் ஆதியில் பரலோகத்தில் பெரிய தூதன். அழகென்றால் அப்படியொரு அழகு. அந்த மண்டைக்கனத்தில் ஆண்டவருடைய நாற்காலிக்கே ஆசைப்பட்டான். சண்டை நடந்தது. அவனையும் அவன் கூட்டத்தையும் கீழே தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் ஆண்டவருக்கு எதிராகப் படை திரட்டிக்கொண்டு திரிகிறான். ஆட்களுக்குள்ளே புகுந்துகொள்வான். எங்கள் சபையிலேயே ஒரு பெண்மணிக்குள் புகுந்து ஜெபக்கூட்டத்தில் தலைவிரி கோலமாக ஆடவைத்திருக்கிறான். நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பங்குக்கு ஆரம்பித்தாள். அவர்களுடைய சைத்தான் தூதனே இல்லையாம். ஜின் இனமாம். நெருப்பால் செய்தவன். ரொம்பத் தொழுதான் என்று தூதர்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ஆதமை மண்ணால் படைத்துவிட்டு அல்லா எல்லோரையும் பணியச் சொன்னபோது, இவன் மட்டும் நெருப்பு போய் மண்ணுக்குப் பணிவதா என்று முறைத்துக்கொண்டு நின்றான். துரத்திவிட்டார்கள். ஆனால் போகும்போது, கடைசி நாள்வரை எனக்கு அவகாசம் கொடு என்று அல்லாவிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அதனால் சண்டை கிண்டை எல்லாம் கிடையாது. அவனால் யாரையும் பிடித்துத் தள்ள முடியாது. காதில் வந்து கிசுகிசுப்பான், அவ்வளவுதான். இடது கையால் சாப்பிடுவான். கொட்டாவி விடும்போது வாயைப் பொத்தாவிட்டால் உள்ளே வந்துவிடுவான். தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்குச் சத்தம் கேட்டால் ஓட்டம் பிடிப்பான்.

என் சாத்தானோடு ஒப்பிட்டால் இவன் கொஞ்சம் சாதுவாக இருக்கிறானே என்று எனக்குப் பட்டது. படை இல்லை, வாலும் இல்லை. வெறும் கிசுகிசு. அதைச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதுவும் இப்ப கெடையாது. ரம்ஜான் மாசம் பூரா அவன சங்கிலில கட்டிப் போட்ருவாங்க. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரிந்ததும் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்த வருஷம் ரம்ஜானும் லெந்தும் ஒன்றாக வந்திருந்தன. அதற்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் போதகர் ஐயா, வருஷத்தில் சாத்தான் அதிகமாக வேலை செய்கிற காலம் இந்த நாற்பது நாள்தான், விழிப்பாயிருங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசியிருந்தார். ஒரே தெரு, ஒரே மாதம். முன்வீட்டில் அவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், பின்வீட்டில் அவன் ஓவர்டைம் பார்க்கிறான். இது எப்படி நியாயம்?

இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களா என்று யோசித்தோம். ஆதாம் ஏவாளை ஏமாற்றியவன் ஒருவன்தானே, அதனால் ஒரே ஆள்தான் என்று முடிவாயிற்று. ஒரே ஆள் என்றால் கட்டிப்போட்டும் இருக்க முடியாது, திரியவும் முடியாது. யாராவது ஒருத்தி சொல்வது தப்பு. அந்த ஒருத்தி யார் என்பதில் இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை அவளுடைய முதல் நோன்பு. பிள்ளைகள் முதன்முதலாக ஒரு நாள் முழு நோன்பு இருப்பதை அவர்கள் வீடுகளில் கல்யாணம் போலக் கொண்டாடுவார்கள். புதுத்துணி எடுத்து, மாலை போட்டு, சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து நோன்பு திறக்கும். என் தோஸ்துக்குக் கரும்பச்சையில் ஜரிகை வைத்த துணி தைத்திருந்தார்கள். மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவதாக இருந்தது. பத்து நாளாக அவளுக்கு வேறு பேச்சே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் உபவாசத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். முன்வீட்டில் பெண்கள் கூட்டம். வந்தவர்கள் எல்லோரும், பசிக்குதா, தலை சுத்துதா, முடியுமா என்று கேட்டுக் கேட்டு அவளைப் பேஜார் பண்ணியிருக்கிறார்கள். தப்பித்து எங்கள் போர்ஷனுக்கு ஓடிவந்தாள். முன்வீட்டில் கூட்டம் என்பதால் அன்றைக்கு நான் எங்கள் வீட்டிலேயே தனியாக இருந்தேன். முந்தின நாள் மாமா ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த மக்கன்பேடா டப்பா அலமாரியில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவளைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. எனக்கு விடை தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா உன் எதிர்ல வெக்கிறேன். அவன கட்டிப் போட்டது நெஜம்னா உனக்குத் தின்னவே தோணாது. தோணுச்சின்னா அவன் வெளிய கீறான்னு அர்த்தம். சரியா?"

அவளும் சளைத்தவள் இல்லை. "வெய்யி" என்றாள்.

ஜீராவில் ஊறிப் பளபளத்த ஒரு பேடாவைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எனக்கொன்று எடுத்துக் கடித்தேன். உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை. சோதனை சரியாக நடக்க வேண்டுமே என்று சப்புக்கொட்டியே தின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் போயிற்று. அவள் ஜெயிக்கிற மாதிரி இருந்தது. அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இன்றைக்கும் இல்லை. நாடகத்தில் பசித்திருக்கிற ஆண்டவரிடம் சாத்தான் கல்லை அப்பமாக மாற்றச் சொல்லும் இடத்துக்காக நான் பழகியிருந்த குரலில், "பசியாயிருக்கிறதே, சாப்பிடலாமே" என்று இழுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை வெளியே எடுத்தாள். எடுத்த கை பேடாவை எடுத்தது. இரண்டே கடி.

"பாத்தியா! கட்டிப் போடல! கட்டிப் போடல!" என்று நான் குதித்தேன்.

அவள் குதிக்கவில்லை. விரலில் ஒட்டிய ஜீராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கட்டித்தான்டி போட்ருக்கு. மத்த மாசமா இருந்தா சைத்தான் சொன்னான்னு சொல்லலாம். இப்ப அவன்தான் இல்லியே. அப்ப நானேதான தின்னேன்?"

இந்தக் கணக்கு எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால்கூட அது சாத்தானின் வேலைதான். அவனுடைய உதவியே இல்லாமல் ஒரு மனிதப்பிறவி தப்பு செய்ய முடியும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவள் அழ ஆரம்பித்ததும் எனக்கு ஜெயித்த சந்தோஷம் எல்லாம் இறங்கிவிட்டது. எப்படியாவது அவளைத் தேற்ற வேண்டும். என்னிடம் இருந்த ஒரே பொருளைக் கொடுத்துப் பார்த்தேன்.

"எங்க சாத்தான் வந்திருப்பான்டி. அவன யாரும் கட்டல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "உங்க சாத்தான் எனக்கு எப்டிடி சொல்லுவான்? நான் இன்னா உங்க சர்ச்சா?"

தண்ணீராவது குடி என்று சொம்பை நீட்டினேன். இனிப்பு தின்ற வாய், தாகம் எடுக்குமே. அவள் தள்ளிவிட்டாள். இனிமேல் எதுவும் வேண்டாம் என்றாள். வாயைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. நோன்பிருக்கிறவளிடம் தின்பண்டத்தைக் காட்டி ஆசை காட்டியது யார்? நான். நாடகத்தில் அதைச் செய்கிறவன் யார்? கதவுக்குப் பின்னால் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொன்னபோதே கேட்டிருக்கலாம். அவன் அந்த வால் வழியாகத்தான் எனக்குள் புகுந்துவிட்டான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் தலைவிரி கோலமாக ஆடிய பெண்மணியை நினைத்து என் தலைமயிரை இறுக்கிப் பின்னிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு முன்வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாய் விரித்து, நீளமாகத் துணி போட்டு, பேரீச்சம்பழமும் பழத்துண்டுகளும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை ஈரத்துணிக்குள் இருந்தது. உள்ளறையில் என் தோஸ்த் கரும்பச்சைத் துணியும் ஜரிகையுமாக உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவள் கன்னத்தைத் தொட்டு, பிள்ளை எவ்வளவு கெட்டியாக இருக்கிறது பார் என்று மெச்சினார்கள். ஒவ்வொரு மெச்சலுக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. என்னைப் பார்த்ததும், "மாலை போடும்போது நான் அழுதுடுவேன்டி. எனக்கு மாலை வேணாம்" என்றாள் மெதுவாக.

சத்தியம் செய்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். காலா அண்டாவில் நோன்புக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"காலா, நான்தான் சைத்தான்."

"அது தெரிஞ்ச விஷயம்தானே. இப்ப இன்னா பண்ண?" என்று கேட்டார், கிளறுவதை நிறுத்தாமல்.

சொன்னேன். மாமா ஆற்காட்டிலிருந்து வந்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி நின்றுவிட்டது. அடுப்படியில் இருந்த மற்ற பெண்களைக் காலா ஏதோ வேலை சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்.

"அவ மறந்துபோய்த் தின்னாளா?"

நோன்பில் இருப்பதை மறந்துபோய்ச் சாப்பிட்டால் நோன்பு முறியாது என்பது அவர்கள் மார்க்கத்தில் உண்டு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அது தெரியாது. தெரியாததால் உண்மையை, அதுவும் நல்ல அழுத்தமாகச் சொன்னேன்.

"இல்ல காலா. நல்லா ஞாபகமாத்தான் தின்னா."

காலா ஒரு பெருமூச்சு விட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அந்தத் தைரியத்தில் எனக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டேன். "காலா, அவன நெஜமாவே கட்டிப் போட்ருக்காங்களா?"

"அவனக் கட்டிப் போட்டாச்சு. உன்ன யாரு கட்டிப் போட்டாங்க?" என்று சொல்லி என் காதைப் பிடித்துத் திருகினார். வலிக்காத திருகல்தான். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"அதுக்கப்பறம் எதாச்சும் வாயில போட்டியா?" என்று காலா கேட்டது காதில் விழுந்தது.

"இல்ல அம்மி."

"தண்ணி?"

"இல்ல."

"தாகமா இல்லியா?"

"ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லும்போதே அவள் உடைந்துவிட்டாள். காலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இருவரும் உருதுவில் ரொம்ப நேரம் பேசினார்கள். அவள் எதையோ பிடிவாதமாகக் கேட்டாள். காலா முதலில் வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினார், பிறகு சரி என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வரும்போது அவள் முகம் கழுவியிருந்தாள். காலாவே மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அவள் அழவில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் குடித்த தண்ணீரை நான் எண்ணினேன். ஐந்து டம்ளர்.

மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில், நான் சாத்தானாக நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. கடைசியில், அப்பமாக மாறச் சொன்னால் மாறாமல் கிடக்கிற கற்களில் ஒரு கல்லாக என்னைச் சாக்குத்துணிக்குள் உட்காரவைத்தார்கள். வால் வேறொரு பையனுக்குப் போயிற்று. அப்பாவுக்குத்தான் மனவருத்தம்.

இவ்வளவும்தான் நடந்தது என்று முப்பது வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் மறுபடி ரம்ஜானும் லெந்தும் சேர்ந்து வந்தன. என் தோஸ்த் இப்போது மேல்விஷாரத்தில் இருக்கிறாள். அவளுடைய கடைசி மகளுக்கு முதல் நோன்பு என்று கூப்பிட்டாள். போயிருந்தேன். காலாவும் வந்திருந்தார். முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டிருந்தார். சமையலறையில் என் தோஸ்தோடு பழம் நறுக்கும்போது நான் அந்தப் பேடா கதையை எடுத்தேன். அன்றைக்கு உள்ளறையில் இன்னாடி அப்படிப் பேசினீங்க என்று கேட்டேன்.

கெட்டுப்போன நோன்புக்குப் பதிலாக இன்னொரு நாள் முழுசாக வைக்க விட்டால்தான் மாலை போட்டுக்கொள்வேன் என்று அவள் அடம்பிடித்தாளாம். சின்னப் பிள்ளைக்கு அது கட்டாயம் இல்லை என்று காலா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சரி, பெருநாள் முடிந்து வருகிற சனிக்கிழமை வை, நானும் உனக்குத் துணைக்கு வைக்கிறேன் என்று காலா ஒத்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் வைத்தார்கள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அம்மிதான் சொல்லக்கூடாதுன்னுச்சி. அதுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது, பாவம், கொழந்தைன்னுச்சி."

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. வழக்கம்போல அம்மாவும் அப்பாவும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். வழக்கம்போல நான் மத்தியானம் முன்வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் தட்டு மட்டும்தான் போட்டிருந்தது. நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டதற்கு, "எங்களுக்கு அப்பறம், நீ சாப்புடு" என்றார் காலா. என் தோஸ்த் எனக்கு எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறிக்குழம்பும் சோறும். நோன்பில் இருக்கிற கை வைத்த குழம்பு அது, யாரும் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கவில்லை. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தேன்.

"இன்னா காலா, உப்பே இல்ல!"

காலாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலா சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் வேண்டிய மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொரு தரம் சோறும் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டேன்.